பழைய கார் மிஸ் அடிக்கிறதா? எப்போது அடிக்கிறது என்று பாருங்கள்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) 800 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை வெடிக்க வேண்டும். அதில் அங்கொன்றும் இங்கொன்றும் தவறினால் வண்டி லேசாகச் சிணுங்கும். ஒரு சிலிண்டர் அடியோடு செத்துவிட்டால் ஸ்டியரிங்கும் சீட்டும் சேர்ந்து குலுங்கும், சைலன்சரில் நொண்டுவது போல ஒரு சத்தம் வரும், ஏற்றத்தில் இழுவை போய்விடும். இதைத்தான் மிஸ் அடிக்கிறது என்கிறோம்.

இப்படி ஆனதும் எல்லோரும் முதலில் பிளக்கை மாற்றுவார்கள். சரியாகவில்லையா, பிளக் ஒயர். அதுவும் இல்லையா, பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயில். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) உள்ள ஒரு பழைய வண்டியில் இந்த மூன்றையும் மாற்றி, கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு, கோளாறு இருந்த இடம் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். அதன் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி, நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் புது ஹோஸ் மாதிரி இருந்தது. விரலால் வளைத்தபோதுதான் வாயைத் திறந்தது. அந்த வண்டி ஐடிலிங்கில் மட்டும்தான் மிஸ் அடித்தது, ஓட்டத்தில் சுத்தமாக இருந்தது. அந்த ஒரு தகவலை வைத்தே முதல் நாளில் ஹோஸிடம் போயிருக்கலாம்.

அதனால் இங்கே பாகங்களின் வரிசையில் போகவில்லை. எப்போது மிஸ் அடிக்கிறது என்பதைப் பார்த்து, அங்கிருந்து காரணத்துக்குப் போகலாம். கார்புரேட்டரும், காயிலின் வோல்டேஜை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள வண்டிகளை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். ஆரம்ப கால இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்குக் கடைசிப் பக்கம் தனியாகச் சொல்கிறேன்.

கை வைக்கும் முன்

பிளக் ஒயரில் ஓடுவது 20,000 வோல்ட்டுக்குப் பக்கம். எலக்ட்ரானிக் இக்னிஷனில் அதைவிட அதிகம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் ஓடும்போது ஒயரை வெறுங்கையால் பிடுங்காதீர்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். சட்டைக் கை, துப்பட்டா, தலைமுடி எதுவும் ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது.

எந்த சிலிண்டர்?

நேரம் பற்றிய கேள்விக்கு அடுத்த கேள்வி இது. எப்போதும் ஒரே சிலிண்டரா, மாறி மாறி எல்லாமா, பக்கத்துப் பக்கத்து இரண்டா? விடை கிடைத்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்களில் பாதிக்குமேல் உதிர்ந்துவிடும். ஒரே சிலிண்டர் செத்திருந்தால் பெட்ரோல் பம்ப், காயில், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் தொடுமுனை) எல்லாம் பெரும்பாலும் நிரபராதிகள். அவை எல்லா சிலிண்டருக்கும் பொது அல்லவா?

எனக்குப் பிடித்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடம், முக்கால் நிமிடம் ஓடியதும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் குழாய் மீதும், ஹெட்டை ஒட்டிய இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் குழாயில் சொட்டு 'சுர்' என்று சுருண்டு ஆவியாகும். செத்த சிலிண்டரின் குழாயில் அதே சொட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும், இல்லை மெதுவாக வழியும். தாமதித்தால் பக்கத்துச் சூடு பரவி எல்லாம் ஒரே மாதிரி சுர்ரென்னும். மேனிஃபோல்ட் மேல் தகடு மூடியிருந்தால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் அதே வேலையை எண்ணில் காட்டும்.

இன்னொரு வழி, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்த பிளக்கின் இரும்பு உடம்பை இன்ஜினில் நன்றாகத் தொடும்படி கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல சிலிண்டரை நிறுத்தியிருந்தால் ஆர்பிஎம் விழும், குலுக்கல் கூடும். எதை நிறுத்தியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்த சிலிண்டர். ஒயரைச் சும்மா காற்றில் தொங்கவிட வேண்டாம்: போக வழியில்லாத வோல்டேஜ் காயிலுக்குள்ளேயோ எலக்ட்ரானிக் மாட்யூலுக்குள்ளேயோ வழி தேடிக்கொள்ளும். வண்டியில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தால் ஒவ்வொரு தடவையும் சில நொடிகளோடு முடித்துக்கொள்ளுங்கள். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

சிலிண்டர் தெரிந்ததும் நான்கு பிளக்கையும் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று குழப்பாமல் வரிசையாக வையுங்கள். மூன்று வெளிர் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதுவே பாதிக் கதை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வரவில்லை. காய்ந்த கரி, விரலில் ஒட்டும் மை மாதிரி இருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையுள்ள கரி என்றால் ரிங் வழியாகவோ வால்வ் சீல் வழியாகவோ ஆயில் ஏறுகிறது. வெள்ளைப் பீங்கானில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் காற்று அதிகம் அல்லது மிதமிஞ்சிய சூடு. ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) உள்ளே கசிந்து நீராவியாகிக் கழுவியிருக்கலாம். பீங்கானின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு இருந்தால் தீப்பொறி உள்ளே போகாமல் வெளியிலேயே வழிந்து எர்த்தாகிறது. பிளக்கோடு அதன் ரப்பர் தொப்பியையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே இடத்தில் மறுபடி கோடு விழும்.

பிளக் முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியான கேப் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பாயிண்ட் வண்டிகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மிமீ, எலக்ட்ரானிக்கில் 0.8 முதல் 1.1 மிமீ வரை வரும். ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் மதிப்பில் வைக்கிற வேலை வேண்டாம்.

ஐடிலிங்கில் குலுங்குகிறது, ஓட்டத்தில் சரியாகிவிடுகிறது

இரண்டே குற்றவாளிகள்தான் பெரும்பாலும்: திருட்டுக் காற்று, இல்லையென்றால் கார்புரேட்டரின் ஐடில் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு.

ஐடிலிங்கில் திராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தகடு) ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும், உள்ளே போகும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தில் ஒரு வெடிப்பு வழியாக இன்னும் கொஞ்சம் கணக்கில் வராத காற்று புகுந்தால் கலவை நீர்த்துப் போய் வெடிக்காது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் காற்று மொத்தமாக வருகிறது. அப்போது அந்தத் திருட்டுக் காற்று கடலில் கரைத்த பெருங்காயம்தான், மிஸ்ஸிங் மறைந்துவிடும்.

கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வேக்குவம் ஹோஸையும் மேனிஃபோல்டை ஒட்டிய இடத்தில் மூக்கு பிளையரால் துணி வைத்து நெரியுங்கள். எதை நெரித்ததும் இன்ஜின் சீராகிறதோ அந்த ஹோஸ், அல்லது அது போய்ச் சேரும் பாகம். பிரேக் பூஸ்டர் ஹோஸை நெரித்ததும் சரியானால் ஹோஸைப் பாருங்கள். ஹோஸ் நன்றாக இருந்தால் பூஸ்டருக்குள் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அது பிரேக் விஷயம், தள்ளிப்போடக் கூடாது. ஹோஸ்கள் எல்லாம் சரியென்றால் மேனிஃபோல்ட் கேஸ்கெட், கார்புரேட்டர் அடியிலுள்ள கேஸ்கெட் ஓரமாக ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் பீய்ச்சுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் ஒரு கணம் மாறும். கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும்தான், ஆனால் சுடும் எக்ஸாஸ்டும் ஒழுகும் பிளக் ஒயரும் பக்கத்தில் இருக்கும்போது அது தீப்பற்றும் என்பதை மறக்காதீர்கள். நான் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சோக் (காற்றை மறித்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் தகடு) உள்ள வண்டியில் இன்னும் எளிதாக ஒரு சோதனை உண்டு. மிஸ் அடிக்கும்போது சோக்கை லேசாக இழுங்கள். சரியானால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. திருட்டுக் காற்றோ, அடைபட்ட ஜெட்டோ காரணம். இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம்: ஃப்ளோட் மட்டம், ஊசி வால்வ், ஒட்டிக்கொண்ட சோக், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே வெளியே திருப்பியும் இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை என்றால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட்டைக் கழற்றிக் காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

ஏற்றத்தில், பலமாக மிதிக்கும்போது

நிற்கும்போது அழகாக ஓடுகிறது. நான்காம் கியரில் ஏற்றத்தில் மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது. இங்கே முதல் சந்தேகம் இக்னிஷன் மேல். திராட்டில் முழுக்கத் திறந்தால் சிலிண்டருக்குள் நிறையக் காற்று புகுந்து அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் அதே கேப்பைத் தாண்ட தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்து கேப் விரிந்த பிளக், உள்ளே அறுந்த ஒயர், களைத்த காயில் எல்லாம் சும்மா ஓடும்போது சமாளித்துவிடும், பாரம் ஏறும்போது கைவிட்டுவிடும்.

பெட்ரோல் பற்றாக்குறையும் இதே இடத்தில்தான் வரும். பிரித்தறிய உடம்பையே நம்பலாம். தீப்பொறி தவறினால் யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல வெடுக் வெடுக்கென்று இருக்கும். பெட்ரோல் போதாவிட்டால் மூச்சு வாங்குவது போல மெல்ல இழுவை குறையும், காலை எடுத்துச் சற்று ஓடவிட்டால் திரும்ப வரும், மறுபடி குறையும். இரண்டாவது மாதிரி இருந்தால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப், டேங்க்கிலிருந்து வரும் குழாய் என்று போங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். வண்டி திணறும்போது நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பின் வண்டி ஒழுங்காக ஓடினால் வேலை அங்கேயே முடிந்தது.

ஒயர்களை மல்டிமீட்டரில் அளக்கலாம். கார்பன் ஒயர்களின் தடை நீளத்துக்கு ஏற்ப மாறும், பல ஆயிரம் ஓம் வரும். தனி எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம்: மூன்று ஒயர் 8, 9, 10 கிலோ ஓம் காட்டி நான்காவது 60 காட்டினால், அல்லது வளைக்கும்போது எண் தாவினால், அது போய்விட்டது. காயிலின் பிரைமரி 12 வோல்ட் நேரடியாகப் போகும் வகையில் 3 ஓம் வாக்கில் இருக்கும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தனித் தடை) சேர்த்து ஓடும் வகையில் 1.5 ஓம் வாக்கில். இந்த இரண்டாம் வகைக் காயிலை ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டிவிட்டு, ஏன் காயில் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்று தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காயிலின் பிளஸ் மைனஸ் ஒயர்கள் மாறியிருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்பட்டு ஏற்றத்தில் மிஸ் அடிக்கும்.

ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கும் அந்த ஒரு நொடி மட்டும் தடுமாறி, பிறகு சரியாகிறது என்றால் அது வேறு. கார்புரேட்டரின் மூச்சுக்குழாய் வழியாக உள்ளே பார்த்தபடி, இன்ஜின் அணைந்த நிலையில், திராட்டிலைக் கையால் திறங்கள். ஒரு மெல்லிய பெட்ரோல் பீச்சல் வர வேண்டும். வரவில்லை என்றால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் போய்விட்டது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் கோட்டைவிடுவது. பாயிண்ட் வண்டிகளில் வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளும் பாகம்) வேலை செய்யும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு லேசாகச் சுழலும். அந்தத் தட்டுக்குப் போகும் சின்ன ஒயரும் எர்த் பின்னலும் வருடக்கணக்கில் வளைந்து வளைந்து, மேலே உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். நிற்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், கால் வைத்ததும் விலகும். ஐடிலிங்கில் ஓடும்போது வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு நகரும்போது இன்ஜின் சற்று வேகமெடுக்க வேண்டும். அதற்குப் பதில் இருமினால் அந்த ஒயரைத்தான் தேட வேண்டும். உறிஞ்சியதும் நாக்கில் எதுவும் பிடிக்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் ஓட்டை.

மழையில், ஈரக் காற்றில்

பகலில் தேடாதீர்கள். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை அணைத்து, கண் பழகும்வரை பொறுங்கள். ஸ்பிரே பாட்டிலால் ஒயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில் கழுத்து மீது பனி போல லேசாகத் தண்ணீர் தூவுங்கள். பழைய ஒயராக இருந்தால் நீல நிறத்தில் சிறு மின்னல்கள் ஒயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே ஓடுவது தெரியும், கூடவே 'டிக் டிக்' என்று சத்தம். முதல் தடவை பார்ப்பவருக்குக் கொஞ்சம் அழகாகக்கூட இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு இடையே மெல்லிய கறுப்புக் கிளைக்கோடு இருந்தால் அது கார்பன் தடம். சுரண்டித் துடைத்தாலும் சில நாளில் திரும்பும், மூடியை மாற்றுங்கள். வெறும் ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவைத்தால் போதும். நடுவிலுள்ள கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு துள்ளுகிறதா, தேய்ந்து போய்விட்டதா என்றும் பாருங்கள். மூடிக்குள் சுழன்று தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டரில் ஊசி முனையளவு கருகிய துளை இருந்தால், தீப்பொறி அதன் வழியே நேராக ஷாஃப்டுக்கு இறங்குகிறது. அப்போது ஒரு சிலிண்டரல்ல, எல்லாமே மாறி மாறித் தவறும்.

ஒயர்களை அழகுக்காக இறுக்கிக் கட்டி வைப்பதும் வினை. 1-3-4-2 வரிசையில் வெடிக்கும் இன்ஜினில் 3, 4 ஆகிய இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, அடுத்தடுத்து வெடிப்பவை. அந்த இரண்டு ஒயரும் ஒட்டியபடி நீளமாக ஓடினால் ஒன்றின் துடிப்பு மற்றதில் ஏறும். பிளாஸ்டிக் கிளிப் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

சூடானதும் ஆரம்பிக்கிறது

இருபது நிமிடம் ஒழுங்காக ஓடி, அப்புறம் மிஸ் அடித்து, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும் வண்டி. மெக்கானிக்கிடம் கொண்டு போகும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக நிற்கும் வகை இது. காயில், கண்டன்சர் (பாயிண்டோடு இணைந்த சிறு மின்தேக்கி), எலக்ட்ரானிக் மாட்யூல், பிக்கப் காயில் (எலக்ட்ரானிக் இக்னிஷனில் பாயிண்டுக்குப் பதிலாக உள்ள சென்சார்) எல்லாம் சூட்டில் உள்ளே விரிந்து தொடர்பை விடும். வண்டி ஆறியிருக்கும்போதே மாட்யூலையோ காயிலையோ முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கிப் பாருங்கள். கோளாறு வந்துவிட்டால் நடுச்சாலையில் காத்திருக்க வேண்டியதில்லை. பாயிண்டின் முகம் நீலம் பாரித்து, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். விலை குறைந்த பாகம்தான்; புதிதாக வாங்கியதே கெட்டதாக இருப்பதும் நடக்கிறது, அதனால் ஓடிக்கொண்டிருந்த பழையதை உடனே தூக்கிப் போடாதீர்கள்.

பாயிண்ட் கேப் பெரும்பாலும் 0.4 மிமீ வாக்கில் இருக்கும். பாயிண்டைச் சரிசெய்த பிறகுதான் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைக்க வேண்டும், கேப் மாறினால் டைமிங்கும் சேர்ந்து நகரும். வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண்.

சூட்டில் பெட்ரோலும் சதி செய்யும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ஓடும் குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழியானால் பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். குழாயைத் தள்ளி வைத்து, வெப்பத் தடுப்பு உறை போடலாம். ஈரத்துணி போட்டதும் சரியானால் நோய் அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்கள் உள்ளே உப்பி, உரிந்து, துகள்களை ஜெட்டுக்கு அனுப்புகின்றன. அந்த வயது வண்டியில் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

காலையில் மட்டும் நொண்டுகிறது

சோக் சரியாக மூடவில்லை என்பதே பல சமயம் விடை. ஆனால் ஒரே சிலிண்டர் ஒரு நிமிடம் நொண்டி, சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை வந்து, பிறகு தெளிகிறது என்றால் ராத்திரி முழுக்க அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் சொட்டியிருக்கிறது. ரேடியேட்டர் மட்டம் வாரா வாரம் குறைகிறதா என்று பாருங்கள். மூடியை ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். நீலப் புகையோடு தெளிந்தால் வால்வ் சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது.

எப்போதும், ஒரே சிலிண்டர், பிளக்கும் ஒயரும் மாற்றியும் அதே

இனி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) கேஜ் வைத்துப் பார்க்காமல் நகரக் கூடாது. இன்ஜின் சூடாக இருக்கட்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் தொடர்பைத் துண்டித்து, திராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்தபடி ஸ்டார்ட்டரை ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அமுக்கம் வரை சுற்றுங்கள். திராட்டிலைத் திறக்க மறந்தால் எல்லா எண்ணும் குறைவாக வந்து வீணாகப் பயப்படுவீர்கள். பழைய பெட்ரோல் இன்ஜினில் 9 முதல் 12 பார் வரை சாதாரணம். அதைவிட, சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10-15 சதவீதத்துக்குள் இருப்பதுதான் முக்கியம்.

ஒன்று மட்டும் குறைவா? பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

வால்வ் என்றதும் ஹெட்டை இறக்கிவிடாதீர்கள், முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி. சத்தம் போடும் டேப்பெட்டைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குச் சத்தமே போடாததைக் கண்டுதான் பயம். இடைவெளி இறுகினால் வால்வ் முழுக்க மூடாது. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டைத் தொட்டுத்தான் இறக்குகிறது, தொடாவிட்டால் கருகும். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் செய்த, கடினப்படுத்தாத சீட் உள்ள ஹெட்டுகளில் ஈயமற்ற பெட்ரோலில் சீட் மெல்ல அரித்து, வால்வ் உள்ளே இறங்கி, இடைவெளி தானாகவே இறுகும். அந்த வண்டிகளுக்கு அடிக்கடி டேப்பெட் பார்க்க வேண்டும்.

கேஜ் கையில் இல்லாதபோது ஒரு தாள் போதும். சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓட, சைலன்சர் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு தாளின் மேல் ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நல்ல இன்ஜினில் தாள் வெளிப்பக்கமாகவே படபடத்து நிற்கும். அவ்வப்போது 'சப்' என்று வாயைப் பார்த்து உள்ளே இழுக்கப்பட்டால், மூடாத எக்ஸாஸ்ட் வால்வ் வழியாக சிலிண்டர் பின்னோக்கி உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்கலாம். தாள் உள்ளே இழுக்கப்படாமல், ஒரு துடிப்பு மட்டும் சீரான இடைவெளியில் விட்டுப் போனால் ஒரு சிலிண்டர் வெடிக்கவில்லை.

ஒழுங்கே இல்லாமல் எல்லா சிலிண்டரும்

இப்போதுதான் பொதுவான பாகங்களைத் தேட வேண்டும்: காயில், ரோட்டர், பாயிண்ட், பெட்ரோலில் தண்ணீர், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பழைய பெட்ரோல். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, பாயிண்ட் கேப் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும், எத்தனை தடவை சரிசெய்தாலும் நிற்காது. யாரோ சமீபத்தில் ஒயர்களைக் கழற்றி மாட்டிய பிறகு ஆரம்பித்ததென்றால் வேறெதையும் பார்க்கும் முன் ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை, சரிபாருங்கள். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிப்பதும் அப்போது கூடவே வரும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில்

செக் இன்ஜின் விளக்கு சும்மா எரிந்தால் அவகாசம் உண்டு. கண் சிமிட்டினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று பொருள், காலை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் பொதுவான கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்யும் பிழைக் குறியீடு) முறை கட்டாயம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லை. கோடு எந்த பாகம் என்று சொல்லாது, எந்த சிலிண்டர் என்று மட்டும் சொல்லும். தனித்தனிக் காயில் இருந்தால் அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். கோடும் கூடவே போனால் காயில்தான். போகாவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டினால் சீரான 'டிக் டிக்' கேட்கும். ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் அதன் ஒயர் சாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் வைத்த வண்டிகளில் 1-ம் 4-ம் சேர்ந்து தவறினால், அல்லது 2-ம் 3-ம் சேர்ந்து தவறினால், அந்த ஜோடியின் காயிலைப் பாருங்கள்.

மிஸ்ஸிங் கோடோடு 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்றும் ஒரு கோடு வந்தால் உடனே பெட்ரோல் பம்ப்பைப் பிடிக்காதீர்கள். வெடிக்காத சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே போகிறது. ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அறியாது, ஆக்சிஜனை மட்டுமே அறியும், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டரிடம் புகார் சொல்லும். அதை நம்பி கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் ஊற்றும். முதலில் தீப்பொறியைச் சரிசெய்துவிட்டுக் கோடுகளை அழித்து ஓட்டிப் பாருங்கள், அந்த இரண்டாவது கோடு திரும்பி வருகிறதா என்று.

மிஸ்ஸிங்கே இல்லாத குலுக்கல்

சில வண்டிகளில் மேலே சொன்ன எல்லாச் சோதனையும் சரியாக வரும், ஐடிலிங்கில் குலுக்கல் மட்டும் போகாது. சைலன்சர் வாயில் தாளைப் பிடியுங்கள். துடிப்பு விடாமல் படபடக்கிறது, ஒரு தடவைகூட உள்ளே இழுக்கவில்லை என்றால் நான்கு சிலிண்டரும் வேலை செய்கின்றன. பிளக் ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். ஆயில் ஊறி, இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்து, இன்ஜின் நேராகச் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும்.